ஹிரோஷிமா ஸ்டேஷன் பக்கத்துல பழைய ஹோட்டலா, புது செயின் ஹோட்டலா, அபார்ட்மெண்ட்டா? பெத்தவங்களோட போறவங்களுக்கு

போன நவம்பர்ல அம்மாவும் அப்பாவும் மூணு வாரம் என்கூட இருந்துட்டுப் போலாம்னு ஒசாகா வந்திருந்தாங்க. ஹிரோஷிமாவையும் மியாஜிமா தீவையும் காட்டிரணும்னு அவங்க விசா அப்ளை பண்றப்பவே முடிவு பண்ணிட்டேன், நாலு நைட் தங்கல். ஷின்கான்சென் புல்லட் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க எனக்கு ஆனது பத்து நிமிஷம், எங்க தங்குறதுன்னு முடிவு பண்ண ஆனது ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரத்துல பார்த்தது, அப்புறம் போயி தங்கினப்போ புரிஞ்சது, எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டிடறேன், யாருக்காச்சும் உதவும்.

எங்க நிலவரத்த முதல்ல சொல்லணும், ஏன்னா அது தெரியாம எது நல்லதுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. அம்மாவுக்கு 66, ரெண்டு முட்டியும் வலி, சமதரையில மெதுவா நடப்பாங்க, படின்னா கைப்பிடி வேணும். சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. அப்பாவுக்கு 71, எதக் குடுத்தாலும் சாப்பிடுவாரு, ஆனா காலைல நாலரைக்கு எந்திரிச்சு லைட்டப் போட்டு உக்காந்துருவாரு. எனக்கு குறட்டை. ஆக மூணு பேரும் ஒரே ரூம்ல படுத்தா மூணு பேருக்கும் தூக்கம் போச்சு, ரெண்டு ரூம் கட்டாயம். கூடவே ரெண்டு பெரிய பெட்டி, அதுல ஒண்ணு முழுக்க பொடியும் ஊறுகாயும்.

கடைசியா மூணு சாய்ஸ்ல வந்து நின்னேன். ஒண்ணு, ஸ்டேஷன் தெற்கு வாசல்ல இருந்து ஆத்துப் பாலம் தாண்டிப் போனா வர்ற பழைய சிட்டி ஹோட்டல், ட்வின் (ரெண்டு தனிக் கட்டில்) ஒண்ணு சிங்கிள் ஒண்ணு சேர்த்து நைட்டுக்கு 17,000 யென். ரெண்டாவது, வடக்கால ஷின்கான்சென் வாசல் பக்கம் இருக்குற புது செயின் ஹோட்டல், அதே ட்வின் சிங்கிள், 27,000. மூணாவது, ட்ராம்ல ஒரு கால் மணி நேரம் தள்ளி தனி அபார்ட்மெண்ட், க்ளீனிங் ஃபீஸ் எல்லாம் நாலு நாளைக்குப் பிரிச்சா நைட்டுக்கு 15,000 மாதிரி வந்துச்சு. ஒரு யென் நம்ம காசுல சுமாரா 60 பைசா, அதுக்கும் கொஞ்சம் கம்மி. அதாவது பழசுக்கும் புதுசுக்கும் நாலு நாளைக்கு 40,000 யென் வித்தியாசம், கிட்டத்தட்ட 23,000 ரூபா. அம்மாகிட்ட அந்தக் கணக்க சொல்லியிருந்தா ஸ்டேஷன் பெஞ்சுலயே படுத்துக்கறேன்னு சொல்லியிருப்பாங்க, அதனால சொல்லல. கடைசில எடுத்தது பழசத்தான்.

கேப்சூல் ஹோட்டலப் பத்தி ஒரு வரி: ரூமே கிடையாது, ஆளுக்கு ஒரு படுக்கைப் பெட்டிதான், ஆம்பளைக்கு ஒரு மாடி பொம்பளைக்கு ஒரு மாடி, ஏறிப் படுக்க சின்ன ஏணி, வயசானவங்களோட போறப்போ யோசிக்கவே வேண்டாம். மியாஜிமால ரியோகான்னு சொல்ற பாரம்பரிய ஜப்பான் விடுதில ஒரு நைட் தங்கலாமேன்னு தோணுச்சு, ஆனா அங்க காசே ராத்திரி சாப்பாட்டுக்குத்தான், அந்த சாப்பாடு முழுக்க மீனும் சிப்பியும், அம்மாவ உக்கார வெச்சு வேடிக்கை பாக்கச் சொல்ல முடியுமா.

சரி, இந்த 'சிட்டி ஹோட்டல்'ங்கறது என்ன. ஜப்பான்ல பிசினஸ் ஹோட்டல்னா வேலை விஷயமா ஊருக்கு வர்ற ஆளு ராத்திரி வந்து படுத்துட்டு காலைல கிளம்பறதுக்கு, ரூம் சின்னது, மத்ததெல்லாம் சுருக்கம். சிட்டி ஹோட்டல்னா அந்த ஊர்க்காரங்களும் வந்து போற இடம், கீழ ரெஸ்டாரண்ட், மேல கல்யாண ஹால், கம்பெனி பார்ட்டி நடத்துற ஹால், பெரிய லாபி, லாபில சர விளக்கு. எழுபது எண்பதுகள்ல ஊருக்கு ஊர் ஸ்டேஷன் பக்கத்துல இப்படிக் கட்டினாங்க. இப்ப அங்க ஜனத்தொகையே குறையுது, கல்யாணம் பண்றவங்களும் கம்மி, பண்ணினாலும் சின்னதா முடிச்சிடறாங்க, ஹால் காத்தாடுது. அதனால அந்தக் காலத்துல கல்யாணத்துக்கு வந்த பெரிய மனுஷங்கள தங்க வெச்ச ரூம் இன்னைக்கு பிசினஸ் ஹோட்டல் விலைக்குக் கிடைக்குது. நம்மூர்ல கல்யாண மண்டபத்தோட ஒட்டி இருக்குற பழைய லாட்ஜ் ஞாபகம் வருதா, கிட்டத்தட்ட அதுதான், சுத்தத்துல மட்டும் நம்மூர் லாட்ஜ் இதுக்குப் பக்கத்துலயே வர முடியாது.

இதுல முதல் லாபம் இடம். நான் பார்த்த பழைய ஹோட்டல் ட்வின் 24 சதுர மீட்டர், புதுசுல ட்வின் 17. சிங்கிள் இங்க 18, அங்க 12. நம்பரா பார்த்தா பெருசாத் தெரியாது, பெட்டியத் தரைல விரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். 12 சதுர மீட்டர் ரூம்ல பெரிய பெட்டியத் தொறந்துட்டா பாத்ரூம் போக அதத் தாண்டிக் குதிக்கணும். புது ஹோட்டல்ல கட்டிலுக்கு அடியில பெட்டி தள்ள இடம் விட்டிருப்பாங்க, அது நல்ல ஐடியாதான், ஆனா முட்டி வலிக்காரங்க குனிஞ்சு அதை இழுக்கணுமே. அதனால எந்த சைட்ல புக் பண்ணினாலும் போட்டோவ நம்பாதீங்க, எல்லா ரூமும் வைட் லென்ஸ்ல மாளிகை மாதிரிதான் இருக்கும், சதுர மீட்டர் எவ்வளவுன்னு மட்டும் பாருங்க.

புருஷன் பொண்டாட்டியா போறவங்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கு, செமி டபுள் கட்டில். டபுளுக்குக் கொஞ்சம் கம்மின்னுதானே தோணும்? 120 சென்டிமீட்டர் அகலம் சார், பல இடத்துல அவ்வளவுதான். தேனிலவுக்கு வேணா சரி. இன்னொண்ணு, ஜப்பான்ல நிறைய ஹோட்டல்ல விலை ரூமுக்கு இல்ல, தலைக்கு. ஒருத்தர்னு போட்டு விலையப் பார்த்துட்டு, அங்க போயி ரெண்டு பேரா நிக்க முடியாது, தேடுறப்பவே எத்தனை பேர்னு கரெக்டா போட்டுடுங்க.

இப்ப பழசோட பெரிய வீக்னஸுக்கு வர்றேன், பாத்ரூம். இதைத்தான் நான் சரியா யோசிக்காம விட்டேன்.

பழைய ஹோட்டல்கள்ல இருக்கறது யூனிட் பாத், தொட்டி, கழிப்பறை, வாஷ்பேசின் மூணும் ஒரே பிளாஸ்டிக் டப்பாக்குள்ள. இதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடி ஹோட்டல் நியூ ஒட்டானிய அவசர அவசரமா கட்ட வேண்டியிருந்துச்சு, ஆயிரத்துக்கும் மேல ரூம், ஒவ்வொரு பாத்ரூமா டைல்ஸ் ஒட்டிக்கிட்டு இருந்தா ஒலிம்பிக்ஸே முடிஞ்சிரும், அதனால டோட்டோ கம்பெனி பாத்ரூம ஃபேக்டரிலயே செஞ்சு கொண்டு வந்து உள்ள பொருத்திடுச்சு. அங்க ஆரம்பிச்சது நாடு முழுக்கப் பரவிடுச்சு. ஐடியா என்னவோ சூப்பர், ஆனா அந்த டப்பாவுக்கு அடியில பைப் எல்லாம் ஓடறதால அதோட தரை ரூம் தரைய விட உயரம், வாசல்லயே ஒரு படி. ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துல இறங்கறப்போ அந்தப் படி இருக்கறதே மறந்து போகும். அப்புறம் குளிக்கணும்னா தொட்டிக்குள்ள ஏறி நின்னுதான் ஷவர், தொட்டிச் சுவர் முட்டி உயரத்துக்கு இருக்கும், வெளிய நின்னு மொண்டு ஊத்திக்கற வேலையே ஆகாது. ஷவர் கர்ட்டன் நுனிய தொட்டிக்குள்ள விட்டுக்கணும், இல்லன்னா கழிப்பறை எல்லாம் குளம்.

அம்மா முதல் நாள் அதைப் பார்த்துட்டு, "ஏன்டா, இதுல ஏறி இறங்கறதுக்கு மியாஜிமா மலையவே ஏறிரலாம் போலயே"ன்னாங்க. நான் ரிசப்ஷன்ல போயி சொன்னேன், வழுக்காத ரப்பர் மேட்டும் உள்ள வெச்சு உக்கார ஒரு சின்ன ஸ்டூலும் குடுத்தாங்க, சுவர்ல கைப்பிடி ஏற்கனவே இருந்துச்சு. அப்பா வெளிய நின்னுக்கிட்டு ஒரு கை குடுப்பாரு. நாலு நாள் ஓட்டிட்டோம், ஆனா ஒவ்வொரு தடவையும் அம்மா குளிச்சு முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் எனக்கு பக்கு பக்குன்னுதான் இருந்துச்சு.

புது ஹோட்டல் பலம் வாங்குறது இங்கதான். பல புது ஹோட்டல்ல ட்வின் ரூம்ல கழிப்பறை தனி, குளிக்கற இடம் தனி, கீழ உக்காந்து குளிக்க இடம் இருக்கும், படி இருக்காது, இருந்தாலும் ரொம்ப சின்னது. 2019 செப்டம்பர்ல இருந்து ஒரு விதி வேற வந்திருக்கு, 50 ரூமோ அதுக்கு மேலயோ உள்ள பெரிய ஹோட்டல் புதுசா கட்டினா நூத்துக்கு ஒரு ரூமாவது வீல்சேர் போற மாதிரி இருக்கணும். யூனிவர்சல் ரூம்னு போட்டிருப்பாங்க. வீல்சேர் இல்லாதவங்களும் கேட்டுப் பாக்கலாம், காலியா இருந்தா குடுப்பாங்க. சில செயின்ல பொதுக் குளியல் வேற உண்டு, ஆம்பளை பொம்பளைக்குத் தனித்தனியா, குட்டி ஸ்டூல்ல உக்காந்து ஹேண்ட் ஷவர்ல குளிக்கலாம், வெந்நீர்த் தொட்டி முட்டி வலிக்கு அமிர்தம் மாதிரி. ஆனா துணியில்லாமத்தான் போகணும். அம்மாகிட்ட அதை எடுத்துச் சொல்ல நான் வாயத் தொறந்ததோட சரி, அவங்க பார்த்த பார்வைல மூடிட்டேன்.

நம்மாளுங்க முக்கியமா கேக்கற கேள்வி: தண்ணி வருமா? வரும். பழைய ஹோட்டலா இருந்தாலும் முக்கால்வாசி இடத்துல கழுவற வசதியுள்ள டாய்லெட் சீட்ட மாட்டியிருக்காங்க. வாஷ்லெட்ங்கற பேர்ல 1980லயே வந்துடுச்சு அது. பழசுல பட்டன் மேல ஜப்பான் எழுத்து மட்டும்தான் இருக்கும், பின்னாடி கழுவறதுக்கு 'ஓஷிரி'ன்னு எழுதின பட்டன், படத்துல வளைஞ்ச கோடு ஒண்ணு, கீழ இருந்து தண்ணி பீச்சற மாதிரி. நிறுத்தறதுக்கு எது பட்டன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் ஆரம்பிக்கணும், அப்பா வரிசைய மாத்திட்டாரு, விவரம் வேண்டாம்.

அடுத்தது ஏசி. இது எனக்கே தெரியாது, ஜப்பான்ல ஆறு வருஷம் இருந்தும். பழைய பெரிய கட்டிடங்கள்ல பல இடத்துல ஸென்கான் கூச்சோன்னு ஒரு சிஸ்டம், கட்டிடம் மொத்தத்துக்கும் ஒரே இடத்துல இருந்து ஒண்ணு குளிர்ச்சி அனுப்புவாங்க, இல்ல சூடு அனுப்புவாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல கிடையாது. உங்க ரூம்ல இருக்கற குமிழ்ல காத்து வேகத்தக் கூட்டலாம் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆகஸ்ட்ல பிரச்னை இல்ல, ஜனவரில பிரச்னை இல்ல, இடைப்பட்ட மாசத்துலதான் மாட்டுவோம். நாங்க போன நவம்பர்ல அவங்க ஏற்கனவே சூட்டுக்கு மாத்திட்டாங்க, பகல்ல வெயில் நல்லா அடிச்சு ரூம் முழுக்க அனல், ஏசிய ஆஃப் பண்ணினாலும் 27 டிகிரிக்கு கீழ இறங்கல. ரிசப்ஷன்ல ஒரு ஃபேன் குடுத்தாங்க. ஆனா பாருங்க, எனக்குத்தான் புழுக்கம், "இப்பத்தான்டா ஊர் மாதிரி இருக்கு"ன்னு அம்மா போர்வையோட நிம்மதியா தூங்கினாங்க. ஜன்னல் ஒரு சாண் தொறந்துச்சு, அது பழசுல ஒரு நல்ல விஷயம், புதுசுல பல இடத்துல ஜன்னல் தொறக்கவே தொறக்காது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர்ல போறவங்க புக் பண்றதுக்கு முன்னாடி ரூமுக்கு ரூம் தனி ஏசியான்னு கேட்டுடுங்க. ஜப்பான்ல 'கொபேட்சு கூச்சோ'ன்னு போட்டிருந்தா தனி.

அப்பா கேட்ட கேள்வி வேற. "பழைய கட்டிடம்ங்கற, பூகம்பம் வந்தா?" நியாயமான கேள்விதான், 2001 மார்ச் 24ல ஹிரோஷிமா பக்கம் 6.7 அளவுல ஒரு பூகம்பம் வந்திருக்கு. ஜப்பான்ல இதுக்கு ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க, 1981 ஜூன் 1. அன்னையில இருந்து கட்டிட அனுமதி வாங்கினதெல்லாம் புது பூகம்ப விதிப்படி, அதுக்கு முன்னாடி வாங்கினதெல்லாம் பழைய விதி. அனுமதி வாங்கின தேதிதான் கணக்கு, திறந்த தேதி இல்ல, அதனால 1982ல திறந்த ஹோட்டல் கூட பழைய விதில கட்டினதா இருக்கலாம். அதுக்காக 1981க்கு முன்னாடி உள்ளதெல்லாம் ஆபத்துன்னு இல்ல, 1995 கோபே பூகம்பத்துக்கு அப்புறம் நிறைய கட்டிடத்துக்கு இரும்பு ஃப்ரேம் குடுத்து பலப்படுத்தியிருக்காங்க. 2013ல சட்டத்தத் திருத்தி, 5,000 சதுர மீட்டருக்கு மேல உள்ள பழைய ஹோட்டல்கள் கட்டாயம் சோதனை பண்ணிக்கணும், ரிசல்ட்ட ஊர் நிர்வாகம் வெளியிடணும்னு ஆக்கிட்டாங்க. நாங்க எடுத்தது எண்பதுகளோட கடைசில வந்த கட்டிடம், அப்பாகிட்ட வருஷத்த சொன்னேன், "அப்ப உன்ன விட மூத்தது"ன்னுட்டு விட்டுட்டாரு.

சிகரெட் நாத்தம். இது பழசுல நிஜமாவே இருக்கற தொல்லை. 2020 ஏப்ரல்ல இருந்து ஜப்பான்ல கட்டிடத்துக்குள்ள புகை பிடிக்கறதுக்குத் தடை வந்தாலும் ஹோட்டல் ரூமுக்கு விலக்கு உண்டு, ஸ்மோக்கிங் ரூம்னு இன்னமும் விக்கறாங்க, அதுதான் கடைசில காலியா இருக்கும், கொஞ்சம் விலையும் கம்மியா காட்டும். 'கின்என்'னா புகை கூடாது, 'கிட்சுஎன்'னா கூடும், ஒரே ஒரு எழுத்து மாறும், மொபைல்ல அவசரத்துல பார்த்தா தப்பிரும். எங்க ரூம் கின்என்தான், ஆனாலும் முப்பது வருஷத்துப் புகை கார்ப்பெட்டுக்குள்ள எங்கயோ உக்காந்திருக்கும் போல, முதல் அஞ்சு நிமிஷம் மூக்குல லேசா ஏறுச்சு, அப்புறம் தெரியல. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு நான் பழசச் சொல்லவே மாட்டேன்.

ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்ங்கறதுக்கு வருவோம், இது கொஞ்சம் நுணுக்கமானது. 'தோஹோ 5 நிமிஷம்'னு எழுதியிருப்பாங்க, தோஹோன்னா நடை. ஜப்பான்ல வீட்டு விளம்பரத்துக்கு நிமிஷத்துக்கு 80 மீட்டர்னு ஒரு விதி, சிக்னல்ல நிக்கறதும் படி ஏறி இறங்கறதும் அதுல சேராது. ஹோட்டல்காரங்களும் அந்தப் பழக்கத்துலதான் எழுதறாங்க. ஆக எங்க பழைய ஹோட்டலுக்குப் போட்டிருந்த 7 நிமிஷம்னா 560 மீட்டர், எனக்கு ஏழு நிமிஷம், அம்மாவுக்குப் பதினெட்டு. எந்த வாசல்ல இருந்து அளந்தாங்கன்னும் பாருங்க, ஹிரோஷிமா ஸ்டேஷன்ல வடக்கு ஷின்கான்சென் வாசலுக்கும் தெற்கு வாசலுக்கும் நடுவுல ரெண்டாவது மாடில (அங்க தரைத்தளம்தான் முதல் மாடி, நம்ம கணக்குல இது முதல் மாடி) ஒரு நீளமான நடைபாதை, லிஃப்ட் எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு, ஆனா அதையும் நடந்துதானே கடக்கணும்.

இந்த விஷயத்துல புது ஹோட்டலுக்குத்தான் முதல் மார்க், ஷின்கான்சென்ல இருந்து இறங்கி பெட்டிய உருட்டிக்கிட்டு அப்படியே போயிரலாம். ஆனா 2025ல தெற்குப் பக்கம் ஆட்டமே மாறிடுச்சு. மார்ச்ல புது ஸ்டேஷன் பில்டிங் திறந்தாங்க, ஆகஸ்ட் 3ல இருந்து ட்ராம் மேம்பாலம் மாதிரி ஏறி ஸ்டேஷனோட ரெண்டாவது மாடிக்குள்ளயே வந்து நிக்குது. ரயில்ல இருந்து வர்ற அதே மாடில ட்ராம். ஏறினா ஆத்தத் தாண்டி அடுத்த ஸ்டாப் இனாரிமாச்சி, அங்கதான் எங்க ஹோட்டல். டோக்கியோல ஒரு மெட்ரோல இருந்து இன்னொரு மெட்ரோ மாத்தறதுக்கு நடக்கற நடை கூட இல்ல. அது தெரிஞ்சதும்தான் பழைய ஹோட்டல் மேல எனக்கு தைரியம் வந்துச்சு, அந்தப் பதினெட்டு நிமிஷம் அஞ்சு நிமிஷமா சுருங்கிடுச்சு. அணுகுண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்துல இன்னமும் நிக்கற டோம் கட்டிடத்துக்கும் அதே லைன்ல நேரா போயிரலாம், 2ஆம் நம்பரும் 6ஆம் நம்பரும் போகும்.

ஒரே எச்சரிக்கை, ஹிரோஷிமா ட்ராம்ல புதுசும் ஓடும் பழசும் ஓடும். புதுசு தரை மட்டத்துல இருக்கும், பழசுல ரெண்டு மூணு படி. நாங்க பழசு வந்தா விட்டுட்டு அடுத்ததுக்கு நின்னோம், சில நிமிஷத்துல வந்துரும். ஆனா அப்பாவுக்குப் பழசுதான் வேணும். 1945 ஆகஸ்ட் 6ல குண்டுல அடிபட்டு, சரி பண்ணி, இன்னமும் ஓடிட்டு இருக்கற ரெண்டு ட்ராம் 651, 652. வார நாள்ல காலை நேரக் கூட்டத்துக்கு விடுவாங்கன்னு சொல்லியிருந்தேன். நாலரைக்கு எந்திரிக்கற மனுஷன், ஏழு மணிக்கே ஸ்டாப்ல போயி நிக்க ஆரம்பிச்சிட்டாரு, மூணாவது நாள் 652 வந்துச்சு. திரும்பி வந்து ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. டிபன் சாப்பிடறப்போதான், "உள்ள பசங்க ஸ்கூல் பையோட உக்காந்திருக்காங்கடா"ன்னாரு.

சத்தம் எப்படின்னு கேட்டா, ஷின்கான்சென் ராத்திரி பன்னெண்டுல இருந்து காலை ஆறு வரைக்கும் ஓடாது, அதனால அந்தப் பயம் வேண்டாம். சரக்கு ரயில் ராத்திரியும் ஓடும், தண்டவாளம் பார்த்த ரூம்னா லேசா கேக்கும். பழைய ஹோட்டல்ல ஜன்னல் ஒத்தைக் கண்ணாடியா இருந்தா இன்னும் கொஞ்சம் கேக்கும். எங்களுது ஆத்துப் பக்கம், ஒண்ணும் கேக்கல. அதைவிட லிஃப்ட் சத்தம்தான், ரெண்டே லிஃப்ட், ஆடி அசைஞ்சு வரும், அதுக்குப் பக்கத்து ரூம் வேண்டாம்னு முன்னாடியே மெயில் போட்டா மாத்தித் தருவாங்க.

சாப்பாடு. இங்கதான் அபார்ட்மெண்ட் அடிச்சுத் தூக்கும்னு நெனச்சேன். கிச்சன் இருக்கு, சாதம் வெச்சுக்கலாம், வாஷிங் மெஷின் இருக்கு, குளியலறைல உக்காந்து குளிக்கற இடம் தனியா இருக்கு, மூணு பேருக்கு விலையும் கம்மி. பேப்பர்ல அதுதான் ஜெயிக்கணும். ஏன் விட்டேன்? மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, அதை விளம்பரத்துல கீழ எங்கயோ சின்னதா போட்டிருந்தாங்க. ரிசப்ஷன் கிடையாது, சாவி ஒரு பூட்டுப் பெட்டிக்குள்ள, கோடு நம்பர் மெசேஜ்ல வரும். நாலு மணிக்கு முன்னாடி உள்ள போக முடியாது, பெட்டிய வெச்சுட்டுப் போகவும் இடம் இல்ல, கடைசி நாள் பத்து மணிக்கு காலி பண்ணிட்டா ராத்திரி ரயில் வரைக்கும் ரெண்டு பெரிய பெட்டிய எங்க வெக்கறது? ஸ்டேஷன் லாக்கர்ல பெரிய சைஸ் சீக்கிரம் நிறைஞ்சிரும். ஹோட்டல்னா காலைல ஒன்பது மணிக்குப் போனாலும் பெட்டிய வாங்கி வெச்சுக்கறாங்க, கிளம்பின பிறகும் சாயந்திரம் வரைக்கும் வெச்சிருக்காங்க, காசு இல்ல. வயசானவங்க கூட இருக்கறப்போ, ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா கீழ ஒரு ஆளு முழிச்சிருக்காருங்கறதும் எனக்கு முக்கியம். அஞ்சாறு பேர் குடும்பமா, குழந்தைங்களோட, கால் நல்லா இருக்கறவங்களா போனா நான் அபார்ட்மெண்ட்டத்தான் சொல்வேன், சந்தேகமே இல்ல. குப்பையப் பிரிச்சுப் போடற விதிய மட்டும் ஒழுங்கா படிச்சுக்கோங்க.

ஹோட்டல்ல சைவத்துக்கு என்ன பண்ணினோம்னா, மைக்ரோவேவ் சாதம் டப்பால விக்குது, ரெண்டு நிமிஷத்துல சூடாயிரும். புது செயின் ஹோட்டல்ல வராண்டால பொது மைக்ரோவேவ் வெச்சிருப்பாங்க, எங்க பழைய ஹோட்டல்ல இல்ல, ரிசப்ஷன்ல குடுத்தா உள்ள எடுத்துட்டுப் போயி சூடு பண்ணிக் குடுத்தாங்க. அதுல அம்மாவோட புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரூம் கெட்டில்ல வெந்நீர் வெச்சு இன்ஸ்டன்ட் காபி. ஊர்ல இருந்து எலக்ட்ரிக் குக்கர் கொண்டு வர்றேன்னு அம்மா சொன்னப்போ வேண்டவே வேண்டாம்னுட்டேன், இங்க கரண்ட் 100 வோல்ட், நம்ம 230 வோல்ட் குக்கர சொருகினா அஞ்சுல ஒரு பங்கு சூடு கூட வராது, அரிசி ஊறிக்கிட்டே இருக்கும். ஹோட்டல் காலைச் சாப்பாடு நாங்க எடுக்கல. புது செயின்ல காலைச் சாப்பாடு ஃப்ரீன்னு போட்டிருக்கறத பெருசா எண்ணாதீங்க, சைவக்காரங்களுக்கு அதுல பிரெட்டும் சாலடும் ஜூஸும்தான் தேறும், மிஸோ சூப்ல பொதுவா மீன் சாறு இருக்கும், பாக்க பருப்புத் தண்ணி மாதிரியேதான் இருக்கும்.

தேதிய மறந்துடாதீங்க, எந்த ஹோட்டலா இருந்தாலும். ஆகஸ்ட் 6ஐ ஒட்டி ஊரே நிறைஞ்சிரும். மே மாசம் 3ல இருந்து 5 வரைக்கும் ஃபிளவர் ஃபெஸ்டிவல். அப்புறம் கார்ப் பேஸ்பால் டீம், அவங்க ஸ்டேடியம் ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரம், மேட்ச் இருக்கற நாள் பூரா சிவப்பு ஜெர்சி, அன்னைக்கு 7,000 யென் ரூம் 14,000 ஆகறத நான் பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி எப்பவுமே ஏறும். நாங்க ஞாயிறுல இருந்து வியாழன் வரைக்கும் எடுத்ததுலயே பாதி லாபம்.

பழைய ஹோட்டலுக்கு ரிவ்யூ படிக்கறதுலயும் ஒரு வழி இருக்கு. மொத்த மார்க்கப் பாக்காதீங்க. ராகுடென் டிராவல், ஜாலான் மாதிரி ஜப்பான் சைட்ல மார்க்கப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க, ரூமுக்கு இவ்வளவு, குளியலுக்கு இவ்வளவு, சர்வீஸுக்கு இவ்வளவுன்னு. வசதிக்கு மார்க் கம்மியா இருந்து சுத்தமும் சர்வீஸும் உசரமா இருந்தா, அது பழசா இருந்தாலும் நல்லா வெச்சிருக்கற ஹோட்டல். சுத்தத்துலயே மார்க் அடி வாங்கியிருந்தா ஓடிருங்க, என்ன விலையா இருந்தாலும். இன்னொண்ணு, ஜப்பான்காரங்க 'பழசா இருந்தாலும்'னு ஆரம்பிச்சு எழுதற ரிவ்யூ நிறைய இருக்கும், அந்த 'இருந்தாலும்'க்கு அப்புறம் என்ன வருதுன்னு பாருங்க.

ரூம் சாவி கூட அங்க பழசுதான், சாவியோட உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கட்டை தொங்கும், வெளிய போறப்போ ரிசப்ஷன்ல குடுத்துட்டுப் போகணும். எனக்கு எரிச்சலா இருந்துச்சு. ஆனா அதனாலயே ரிசப்ஷன்ல இருந்த பெரியவருக்கு எங்க முகம் பழகிடுச்சு, சாயந்திரம் நாங்க உள்ள நுழையறப்பவே சாவிய எடுத்து வெச்சிருவாரு, அம்மாவப் பார்த்து தன் முட்டியத் தொட்டுக் காட்டி எப்படி இருக்குன்னு கேப்பாரு. இவங்க தமிழ்ல பதில் சொல்வாங்க, அவரு தலையாட்டுவாரு.

இப்ப வர்ற மார்ச் கடைசில, சகுரா பூக்கற நேரம், மாமாவும் அத்தையும் வர்றாங்க. மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்தான் ஆகுது, கால மடக்கித் தூக்கித் தொட்டிக்குள்ள வெக்கறதெல்லாம் நடக்காது. அவங்க ரெண்டு பேருக்கும் ஷின்கான்சென் வாசல் பக்கம் புது ஹோட்டல்ல யூனிவர்சல் ட்வின் போட்டுட்டேன், விலை கண்ணக் கட்டுது, பரவால்ல. எனக்கு ஆத்துக்கு இந்தப் பக்கம் அதே பழைய ஹோட்டல், ஏழாவது மாடி சிங்கிள். "நீ மட்டும் ஏன்ப்பா தனியா அங்க?"ன்னு அத்தை போன்ல கேட்டாங்க. குறட்டைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.